மாதத்துக்கு இரண்டு முறை ஓடும் காரில் டாஷ்கேம்: பேட்டரி இறங்காமல் இருக்க எந்த வழி?

பதினாறு நாள் கழித்துக் காரை எடுக்கப் போனேன். ரிமோட்டை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. சாவியைக் கதவில் நுழைத்துத் திறந்து, உட்கார்ந்து திருப்பினால் டாஷ்போர்டு விளக்குகள் மங்கலாக ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அணைந்தன. பானெட்டுக்கு அடியில் டக்கென்று ஒரே ஒரு ரிலே சத்தம், அவ்வளவுதான். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 10.9 வோல்ட். இத்தனைக்கும் டாஷ்கேமை, அதாவது முன்கண்ணாடியில் இருந்து ரோட்டைப் பதிவு செய்யும் கேமராவை, கட்-ஆஃப் உள்ள ஹார்ட்வயர் கிட் போட்டுத்தான் மாட்டியிருந்தேன். கேமராவைக் காரின் ஃபியூஸ் பாக்ஸோடு நேராக இணைக்கும் வயர் செட் அது, பேட்டரி இறங்கினால் கேமராவைத் தானாக நிறுத்துவதுதான் கட்-ஆஃப். "இது இருக்கிற வரைக்கும் பேட்டரி இறங்கவே இறங்காது" என்று மாட்டிக் கொடுத்தவர் சொன்னார், நானும் நம்பினேன். அவர் சொன்னதில் பொய் இல்லை, தினமும் ஓடும் வண்டிக்கு அது சரிதான். என் வண்டி மாதத்துக்கு இரண்டு முறை ஓடினால் அதிகம்.

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். டாஷ்கேமுக்கு கரண்ட் கொடுக்க விற்கப்படும் சாமான்கள் பெரும்பாலும், ராத்திரி நிறுத்தி காலையில் எடுக்கும் வண்டியை மனதில் வைத்துச் செய்தவை. அந்த வண்டிக்கு எழுதிய ஆலோசனையை நின்றுகொண்டே இருக்கும் வண்டிக்கு அப்படியே போட்டால் நடப்பது மேலே நான் சொன்னதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். இதைப் போட்டுப் பார்க்காமல் எதை வாங்கினாலும் குருட்டாம்போக்குதான். ஒற்றைக் கேமரா டாஷ்கேம் பதிவு செய்துகொண்டிருக்கும்போது ஏறக்குறைய 3 முதல் 5 வாட் எடுக்கும். முன்னும் பின்னும் கேமரா, வைஃபை, ஜிபிஎஸ் என்று சேர்ந்தால் இன்னும் ஏறும். 4 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது சுமார் 0.3 ஆம்ப். பார்க்க அற்பமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு நாள் முழுக்க ஓடினால் 7 ஆம்பியர்-அவருக்கு மேல் போய்விடும் (ஒரு ஆம்ப் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்வதும் இதில்தான்). சின்ன கார்களில் பேட்டரியே 35 முதல் 45 ஆம்பியர்-அவர்தான், அதுவும் புதிதாக இருக்கும்போது. மூன்று நாளில் பாதி காலி.

ஸ்டார்ட் செய்யும்போதுதான் பேட்டரி அதிகம் செலவாகும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்ப் இழுக்கட்டும், இழுப்பது இரண்டு விநாடி. கூட்டிக் கழித்தால் 0.08 ஆம்பியர்-அவர். டாஷ்கேம் அதைக் கால் மணி நேரத்தில் குடித்து முடித்துவிடும்.

இதோடு காரும் சும்மா இருப்பதில்லை. பூட்டி வைத்த பிறகும் அலாரம், ரிமோட் ரிசீவர், கடிகாரம், கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லிஆம்ப் வரை எடுத்துக்கொண்டே இருக்கும். 30 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 0.7 ஆம்பியர்-அவர். அதாவது டாஷ்கேம் எடுப்பதில் பத்தில் ஒரு பங்கு. கேமராவே இல்லாவிட்டாலும் நல்ல பேட்டரி ஒரு மாதத்தில் பாதிக்கு வந்துவிடும் என்று அர்த்தம். வயதான பேட்டரி என்றால் அதற்கும் முன்பே. இந்த 30 மில்லிஆம்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்-ஆஃப் கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

கட்-ஆஃப் காப்பாற்றுமா?

ஹார்ட்வயர் கிட் என்பது மூன்று வயர். ஒன்று எப்போதும் கரண்ட் இருக்கும் ஃபியூஸுக்கு, ஒன்று சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஏசிசி ஃபியூஸுக்கு, ஒன்று பாடியில் எர்த். நடுவில் இருக்கும் குட்டிப் பெட்டி 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கிக் கேமராவுக்குக் கொடுக்கும், பேட்டரி குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே வந்தால் நிறுத்திவிடும். ஏசிசி வயரில் கரண்ட் நின்றதும் கேமரா தானாகப் பார்க்கிங் மோடுக்கு, அதாவது நிற்கும் வண்டியைக் குறைந்த செலவில் காவல் காக்கும் நிலைக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான்.

பிரச்சினை அந்தக் குறிப்பிட்ட வோல்ட் எது என்பதில். ஓய்வில் இருக்கும் சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி 12.6, 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12.0 என்றால் கால்வாசி மிச்சம். 11.8, 11.9 வந்துவிட்டால் பேட்டரி காலி என்றே சொல்லலாம். இப்போது கிட்டில் இருக்கும் தேர்வுகளைப் பாருங்கள்: 11.6, 11.8, 12.0, 12.2, 12.4 என்று ஏதாவது மூன்று நான்கு இருக்கும். 11.6-ல் கட்-ஆஃப் என்பது, ஆள் விழுந்த பிறகு கைப்பிடி கொடுப்பது மாதிரி. என் கிட் 11.8-ல் இருந்தது.

12.0-ல் வைத்தால்? கேமரா நின்றுவிடும், வாஸ்தவம். ஆனால் அப்போது 45 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மிச்சம் 11. அதிலிருந்து கார் தன் பங்குக்கு தினம் 0.7 எடுத்துக்கொண்டே போகும். கட்-ஆஃப் கேமராவை மட்டும்தான் நிறுத்தும், காரை நிறுத்தாது. பத்து நாளில் 4 ஆம்பியர்-அவர்தான் இருக்கும், வண்டி கிளம்பாது. தினமும் ஓடும் வண்டியில் காலையில் என்ஜினோடு ஓடிப் பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் வந்து காப்பாற்றிவிடும் என்பதால் இந்த இரண்டாம் பாதியை யாரும் பேசுவதே இல்லை.

எனவே நிற்கும் வண்டிக்கு கட்-ஆஃப் போடுவதாக இருந்தால் 12.4-தான். அதில் வைத்தால் கேமரா நிற்கும்போது 70 சதவீதம் போல மிச்சம் இருக்கும். இரண்டு வாரம் சும்மா நின்றாலும் பாதிக்குக் கிட்ட தாங்கும், வண்டியும் கிளம்பும். ஆனால் கேமரா எத்தனை நேரம் ஓடியிருக்கும்? ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு. பதினாறு நாளில் இரண்டு நாள் கண் திறந்து, பதினான்கு நாள் கண் மூடி. இதற்காக இத்தனை வயர் இழுக்க வேண்டுமா என்று கேட்டால் என் பதில் வேண்டாம்.

சில கிட்களில் வோல்ட்டோடு டைமரும் இருக்கும்: 6 மணி நேரம், 12, 24 என்று. பழைய பேட்டரிக்கு எனக்கு டைமர்தான் பிடிக்கிறது. வயதான பேட்டரி 12.4 காட்டிக்கொண்டே உள்ளே சரக்கில்லாமல் இருக்கும், வோல்ட்டை நம்பி ஏமாறுவதைவிட ஆறு மணி நேரத்தில் நிறுத்து என்று சொல்லிவிடலாம். வெளியூர் போய் ஓட்டல் வாசலில் ராத்திரி நிறுத்தும்போது இது போதும்.

இன்னொன்று, மாட்டியவர் எங்கே செருகியிருக்கிறார் என்று பார்த்துவிடுங்கள். என் வண்டியில் ஃபியூஸ் பாக்ஸ் மூடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஏசிசிக்குப் போக வேண்டிய சிவப்பு வயரும் எப்போதும் கரண்ட் இருக்கும் ஃபியூஸிலேயே மஞ்சள் வயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கேமராவைப் பொறுத்தவரை கார் ராப்பகலாக ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பார்க்கிங் மோடு ஒருநாள்கூட வேலை செய்யவில்லை, முழு வேகத்தில் பதிவு. வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எனவே நிறத்தை நம்பாமல் டெஸ்ட் விளக்கோ மல்டிமீட்டரோ வைத்து, சாவியை எடுத்த பிறகு எந்த ஃபியூஸில் கரண்ட் சாகிறது என்று பாருங்கள். உடனே பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், சில கார்களில் பூட்டி இருபது முப்பது நிமிஷம் கழித்துத்தான் எல்லாம் தூங்கும்.

ஏசிசியில் மட்டும் கொடுப்பது

பலருக்கு இதுவே போதும், ஆனால் இதைச் சொன்னால் யாரும் எதையும் விற்க முடியாது என்பதால் சொல்ல மாட்டார்கள். சாவி போட்டால் கேமரா ஓடும், எடுத்தால் நிற்கும். பார்க்கிங் மோடு கிடையாது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினாலே காரியம் முடிந்தது, அந்த சாக்கெட் சாவியோடு அணைகிற வகையாக இருந்தால். சில கார்களில் அது எப்போதும் உயிரோடு இருக்கும். விளக்கு எரியும் மொபைல் சார்ஜரைச் செருகி, காரைப் பூட்டி, அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடி வழியாக எட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். எரிந்துகொண்டிருந்தால், இறங்கும்போது பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் வேண்டும், அல்லது கேமராவை ஏசிசி ஃபியூஸுக்கு மாற்ற வேண்டும்.

பூட்டிய கேட்டுக்குள்ளோ கராஜிலோ நிற்கும் வண்டியை இருட்டில் படம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்? நான் என் மெமரி கார்டை எடுத்துப் பார்த்தேன். கிடைத்ததில் முக்கால்வாசி ஒரு பூனை. மீதி எதிர்ச் சுவர்.

ஓபிடி போர்ட்டில், அதாவது மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவியைச் செருகும் சாக்கெட்டில், செருகும் கேபிளும் இருக்கிறது. ஃபியூஸ் பாக்ஸைத் தொடாமல், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த சாக்கெட்டிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளலாம், மாட்டுவது ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அந்த போர்ட்டின் 16-வது பின் நேராகப் பேட்டரியிலிருந்து வருவது, சாவி எடுத்தாலும் சாகாது. ஆக மின் கணக்கில் இதுவும் ஹார்ட்வயர் கிட் மாதிரிதான், மாட்டச் சுலபம் என்பது மட்டும் வித்தியாசம். நிற்கும் வண்டிக்கு இதில் தனி லாபம் ஒன்றுமில்லை. பிடித்தது ஒன்றே ஒன்று, ஊருக்குப் போகும்போது பிடுங்கி வைப்பதும் ஐந்து விநாடி வேலை.

தனி பேட்டரி பேக்: ஆசையாக இருக்கும், யோசியுங்கள்

டாஷ்கேமுக்கென்றே தனியாக லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பேக் விற்கிறார்கள். சீட்டுக்கு அடியில் வைக்கலாம். வண்டி ஓடும்போது சார்ஜ் ஆகும், நின்ற பிறகு கேமரா இதிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளும், கார் பேட்டரியைத் தொடவே தொடாது. நானூறு ஐந்நூறு தடவை அல்ல, இரண்டாயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் ஏறி இறங்கினாலும் தாங்கும், சூட்டையும் சாதாரண லித்தியம் அயானைவிட நன்றாகவே பொறுத்துக்கொள்ளும். இந்தப் பட்டியலிலேயே விலை கூடியது இதுதான். படிக்கும்போதே வாங்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது, கூடையில் போட்டுவிட்டு இரண்டு நாள் யோசித்தேன்.

யோசித்ததில் கிடைத்தது இது. ஒரு பேக் 75 வாட்-அவர் கொள்ளும் என்றால், 4 வாட் கேமராவை 18 மணி நேரம் ஓட்டும். தினமும் ஆபீஸ் போய் வருபவருக்கு அது அமிர்தம்: ராத்திரி முழுக்க ஓடும், காலையில் போகும் வழியில் மறுபடி ஏறிவிடும். என் வண்டியில் முதல் நாள் சாயங்காலம் ஆரம்பித்து மறுநாள் மத்தியானம் முடிந்துவிடும். அப்புறம் அது காலியாகக் கிடக்கும், நான் வரும் வரை. கார் பேட்டரி காப்பாற்றப்படும் என்பது உண்மைதான், ஆனால் ஏசிசி வயரில் மட்டும் கேமராவை மாட்டியிருந்தாலும் அதே காப்பாற்றல் காசில்லாமல் கிடைத்திருக்கும். பெரிய பேக் வாங்கினால் இரண்டு நாள், இரண்டு பேக்கைக் கோர்த்தால் மூன்று நாள். அவற்றை நிரப்ப ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும், நம் வண்டி ஓடுவதே கடைக்குப் போய் வரும் இருபது நிமிஷம். அதே இருபது நிமிஷத்தில் கார் பேட்டரியும் தன் பங்கைக் கேட்கும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகும் குளிரில் லித்தியத்தைச் சார்ஜ் செய்வதும் கூடாது, நல்ல பேக்குகள் தாமாகவே மறுத்துவிடும். கூடையிலிருந்து எடுத்துவிட்டேன்.

மொபைல் பவர் பேங்க்கை வைத்துச் சமாளிக்கிறேன் என்பவர்களுக்கு: வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் வைக்கும் பொருள் அது இல்லை. அதே காரணத்துக்காகத்தான் இப்போது நல்ல டாஷ்கேம்களில் உள்ளே பேட்டரியே வைக்காமல், சூடு தாங்கும், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் மின்சாரம் பிடித்து வைக்கும் சூப்பர் கெபாசிட்டர் வைக்கிறார்கள்.

சுவரில் பிளக் இருந்தால் பேச்சே இல்லை

வண்டி நிற்கும் இடத்தில் மின் இணைப்பு இருக்கிறதா? இருந்தால் இதுவரை படித்ததை மறந்துவிட்டு ஒரு பேட்டரி மெயின்டெய்னர் வாங்குங்கள். டிரிக்கிள் சார்ஜர் என்றும் சொல்வார்கள், ஆனால் அந்தப் பெயரில் நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும் பழைய வகையும் விற்கிறது, அது வேண்டாம். தானாகவே நிலை மாறும் ஸ்மார்ட் வகை பேட்டரியை நிரப்பிவிட்டு 13.2 முதல் 13.6 வோல்ட்டுக்குள் பிடித்து வைத்திருக்கும். மாதக்கணக்கில் விட்டுவிடலாம். 1 ஆம்ப் கொடுக்கும் சின்னதே போதும், காரின் 30 மில்லிஆம்புக்கு அது கடலளவு.

இதற்கு ஒரு வால் வயர் கூடவே வரும், முனையில் வளையம், நடுவில் ஃபியூஸ். அதைப் பேட்டரியில் நிரந்தரமாக போல்ட்டில் இறுக்கி, மறுமுனையை முன்பக்க கிரில் வழியாக வெளியே விட்டுவிட்டால், வந்து நின்றதும் பானெட்டைத் திறக்காமலே செருகலாம். செருகச் சோம்பலாக இருந்தால் செருக மாட்டோம், அதனால் இந்த வயர் சார்ஜரைவிட முக்கியம். சிக்னலில் நின்றால் என்ஜின் தானாக அணைந்து எழும் ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள கார் என்றால் பேட்டரியின் மைனஸ் முனையில் ஒரு சென்சார் இருக்கும், போகிற வருகிற கரண்ட்டை எல்லாம் அது எண்ணிக்கொண்டிருக்கும். அந்த வகையில் மைனஸ் வயரை முனையில் நேராகக் கட்டாமல் பாடியில் எர்த் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காருக்குத் தெரியாமல் சார்ஜ் ஏறும், கணக்குப் பிசகும். பேட்டரி ஏஜிஎம் (லெட்-ஆசிட்டிலேயே ஆசிட்டைக் கண்ணாடி நார்ப் பாயில் பிடித்து வைத்த ஒரு வகை) வகையா என்று மேலே ஒட்டியிருப்பதைப் பார்த்து சார்ஜரிலும் அதையே தேர்ந்தெடுங்கள்.

பார்க்கிங் மோடும் ஓட வேண்டுமா? 1 ஆம்ப் மெயின்டெய்னரால் கேமராவின் 0.3 ஆம்பையும் சேர்த்துத் தூக்க முடியும். ஆனால் சில ஸ்மார்ட் சார்ஜர்கள் குழம்பும். பேட்டரி நிறைந்த பிறகும் 0.3 ஆம்ப் போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்து, இன்னும் நிறையவில்லை போல என்று நினைத்து உயர்ந்த வோல்ட்டிலேயே நின்றுவிடும். இதைவிடச் சுத்தமான வழி: கேமராவின் யூஎஸ்பி கேபிளைக் கிட்டிலிருந்து பிடுங்கி, சுவர் பிளக்கில் இருக்கும் 5 வோல்ட் மொபைல் அடாப்டரில் நேராகக் கொடுத்துவிடுவது. கதவு ரப்பருக்கு இடையில் மெல்லிய கேபிள் நசுங்காமல் போகும். கார் பேட்டரிக்கும் கேமராவுக்கும் உறவே இல்லை. கேமரா தான் ஓடும் வண்டியில் இருப்பதாக நினைத்து முழு நேரமும் பதிவு செய்யும், மெமரி கார்டு சீக்கிரம் தேயும், அதற்கென்று விற்கும் உழைப்பு கூடிய கார்டு போட்டால் சரியாகும். வண்டியை எடுக்கும்போது கேபிளைக் கழற்ற மறக்கக் கூடாது. ஒருமுறை நான் கதவைச் சாத்தி ரிவர்ஸ் எடுத்தபோது அடாப்டர் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தது.

சுவரில் பிளக் இல்லை, வெயில் இருக்கிறது

சோலார் பேனலைப் பற்றிப் பேசும்போது இரண்டு கேள்வியைக் கலந்துவிடுகிறார்கள். காரின் சொந்தச் செலவை ஈடுகட்டுமா? ஈடுகட்டும். 30 மில்லிஆம்ப் என்பது ஒரு நாளைக்கு 9 வாட்-அவருக்கும் குறைவு. 5 வாட் பேனல் ஒன்று நாலு மணி நேரம் நல்ல வெயிலில் கிடந்தால், கண்ணாடியும் சாய்வும் பாதியைத் தின்றாலும் 10 வாட்-அவர் மிஞ்சும். இழுபறியில் சமாளிக்கும், 10 வாட் பேனல் என்றால் நிம்மதி. டாஷ்கேமை இருபத்துநாலு மணி நேரமும் ஓட்டுமா? ஓட்டாது. அதற்கு ஒரு நாளைக்கு 96 வாட்-அவர் வேண்டும். 20 வாட் பேனலை டாஷ்போர்டில் படுக்க வைத்தால் 40 வந்தால் பெரிது. மழை நாளில் அதுவும் இல்லை.

ஆக பேனல், ஏசிசியில் மட்டும் ஓடும் கேமராவுக்கு நல்ல ஜோடி. பேனலையும் லைட்டர் சாக்கெட்டில் செருகும்படி கொடுப்பார்கள், ஆனால் சாவியோடு சாகும் சாக்கெட்டில் செருகினால் பேட்டரிக்கு ஒன்றும் போய்ச் சேராது. பேட்டரியில் நேராகவோ ஓபிடி வழியாகவோ கொடுக்க வேண்டும். 10 வாட்டுக்கு மேல் போனால் நடுவில், பேட்டரிக்கு அளவுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் இருப்பது நல்லது. கராஜிலும் அடித்தளத்திலும் நிறுத்துபவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

பிளக்கும் இல்லை, வெயிலும் இல்லை, தெருவில் நிற்கிறது

கஷ்டமான கேஸ் இதுதான், கேமரா உண்மையிலேயே தேவைப்படும் கேஸும் இதுதான். யாராவது உரசிவிட்டுப் போவார்கள், யாரென்று தெரியாது.

இதற்கு ஓரளவு பதில், இடி வாங்கினால் மட்டும் விழிக்கும் வகை. பார்க்கிங் மோடு என்று ஒரே பெயரில் மூன்று விதம் இருக்கிறது, அட்டையைப் படிக்காமல் வாங்கினால் தெரியாது. அசைவைக் கண்டால் சேமிக்கும் வகை, கேமராவையும் சென்சாரையும் முழு நேரமும் விழிக்க வைத்திருக்கும், சேமிப்பதைத்தான் குறைக்கும், மின் செலவு பெரிதாகக் குறையாது. டைம்லேப்ஸ் வகையும் கொஞ்சம்தான் மிச்சம் பிடிக்கும், கார்டில் இடம்தான் நிறைய மிச்சம். மூன்றாவது வகையில் கேமரா அணைந்தே இருக்கும், அதிர்வை உணரும் ஜி-சென்சார் மட்டும் விழித்திருக்கும். நன்றாகச் செய்த மாடல்களில் இது 10 மில்லிஆம்புக்கும் கீழே. காரின் சொந்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு வாரத்துக்கு மூன்றரை ஆம்பியர்-அவர்தான், பேட்டரி தாங்கும்.

குறை என்னவென்றால், அதிர்வு வந்த பிறகுதான் கேமரா எழுந்து, நினைவு வந்து, பதிவு ஆரம்பிக்கும். ஒன்றிரண்டு விநாடி ஆகும். இடித்த கணம் படத்தில் இருக்காது, இடித்தவர் இறங்கிப் பார்த்தாலோ முன்பக்கமாகப் போனாலோ நம்பர் பிளேட் கிடைக்கும். பின்னால் உரசிவிட்டு பின்னாலேயே போய்விட்டால் அதிர்ஷ்டம் போல. ஒன்றும் இல்லாததற்கு இது மேல் என்பதே என் கணக்கு. இதோடு கட்-ஆஃபை 12.4-ல் வைத்துவிட்டால், நின்றாலும் வண்டி கிளம்பும்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள், நமக்குத்தான் பெரிய பேட்டரி இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. அதிலும் ஃபியூஸ் பாக்ஸ் ஓடுவது தனியாக இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியில்தான், நிற்கும்போது பெரிய பேட்டரியிலிருந்து அதை நிரப்பிக்கொள்ளும் வழக்கம் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரி கிடையாது. அது செத்தால் பெரியது நிறைந்திருந்தாலும் கார் எழாது. நிற்கும்போது சுற்றிலும் கண்காணிக்கும் டெஸ்லாவின் சென்ட்ரி மோடு மாதிரி காரோடு வருவது நேராகப் பெரிய பேட்டரியிலிருந்து எடுக்கும், அதுவும் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் தானாக நின்றுவிடும்.

வீட்டில் பெரியவர்கள் சொல்லும் வழி ஒன்று இருக்கிறது: வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் விட்டுவிடு. நானும் செய்திருக்கிறேன். கேமரா ஒரு வாரத்தில் எடுத்தது 50 ஆம்பியர்-அவர் என்றால் அது பேட்டரியைவிடவே பெரிய எண், பத்து நிமிஷ ஐட்லிங்கில் திரும்பக் கிடைப்பது அதில் துளி. கேமரா இல்லாமல் காரின் 5 ஆம்பியர்-அவரை மட்டும் ஈடுகட்டவே, நின்ற இடத்தில் உறுமவிடாமல் அரை மணி முக்கால் மணி நேரம் ரோட்டில் ஓட்டிவிட்டு வருவதுதான் சரி. லெட்-ஆசிட் பேட்டரி கடைசி இருபது சதவீதத்தை மெதுவாகத்தான் வாங்கும், அவசரப்படுத்த முடியாது. அரைகுறையாகவே விட்டுக்கொண்டு வந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், பிறகு எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. என் 10.9 வோல்ட் பேட்டரி மறுபடி எழுந்தது, ஆனால் நான்கு மாதத்தில் மாற்ற வேண்டி வந்தது.

மாதக்கணக்கில் எடுக்கவே போவதில்லை என்றால் மைனஸ் முனையைக் கழற்றிவிடலாம், பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். கடிகாரம் போகும், ஜன்னல் ஆட்டோ வேலை செய்யாமல் மறுபடி பழக்க வேண்டி வரும், சில பழைய ரேடியோக்கள் கோட் கேட்கும், அலாரமும் இருக்காது. பேட்டரி டிக்கிக்குள் இருந்து டிக்கி மின்சாரத்தில்தான் திறக்கும் என்றால் கழற்றுவதற்கு முன் உள்ளே போக வேறு வழி இருக்கிறதா என்று ஒருமுறை யோசியுங்கள்.

ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கி வைத்தேன், காருக்குள் அல்ல, வீட்டு அலமாரியில். இதுவரை தொடவில்லை.

என் வண்டியில் இப்போது இருப்பது இப்படி: ஹார்ட்வயர் கிட்டின் இரண்டு வயரும் ஏசிசி ஃபியூஸிலேயே இருக்கின்றன, பார்க்கிங் மோடு அணைந்திருக்கிறது, கிரில்லுக்கு வெளியே ஒரு வால் தொங்குகிறது, அதில் மெயின்டெய்னர். வெளியூர் போய்த் தெருவில் நிறுத்த வேண்டி வந்தால் மட்டும் மஞ்சள் வயரின் ஃபியூஸ் டேப்பை (ஃபியூஸ் இருக்கும் இடத்திலிருந்து கரண்ட் எடுக்கும் செருகியை) எப்போதும் கரண்ட் இருக்கும் இடத்துக்கு மாற்றிக்கொள்கிறேன், டைமர் 12 மணி நேரம். போன முறை இருபத்திரண்டு நாள் கழித்து எடுத்தேன். செருகியிருந்ததைப் பிடுங்கி, ஒரு மணி நேரம் விட்டு மீட்டர் வைத்தேன், 12.7. முதல் திருப்பலிலேயே கிளம்பியது. கேமராதான் தேதியை மறந்து எங்கோ ஒரு ஜனவரி 1-ல் இருந்தது, ஜிபிஎஸ் கிடைத்து அது சரியாவதற்குள் தெருமுனை வந்துவிட்டது.